மாரிமுத்து: எங்கள் வீட்டு ஒன்பதரை மணி

குடமுருட்டிக்காரன்:

எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டும் நேரம் 2022இல் மாறியது. அதுவரை அம்மா ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்பதரை மணிவாக்கில்தான் கிரைண்டரைப் போடுவார். அந்த வருடம் பிப்ரவரியில் சன் டிவியில் ஒன்பதரை மணிக்கு ‘எதிர்நீச்சல்’ தொடர் தொடங்கியது. கொஞ்ச நாளில் எட்டு மணிக்கே அரிசி கிரைண்டருக்குள் போய்விட்டது. கிரைண்டர் ஓடினால் குணசேகரன் பேசுவது கேட்காது, அதுதான் காரணம். படம் மட்டும் தெரிந்தால் அம்மாவுக்குப் போதாது. அந்த ஆளின் குரல் கேட்க வேண்டும்.

குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். வருடங்கள் ஓடிவிட்டன. சினிமா நடிகர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சீரியல் நடிகர் என்றால் நாலு வரி அஞ்சலியோடு விட்டுவிடுகிறோம். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் கீழே எழுதுங்கள்.

தொடர் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஆதிமுத்து குணசேகரன் வீட்டுக்கு மூத்தவர். அவருக்குக் கீழே மூன்று தம்பிகள். வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் படித்தவர்கள். வாசப்படி ஏறியபிறகு அவர்களுக்கு அடுப்படிதான் உலகம். கடைசியாக வந்த ஜனனி கேள்வி கேட்க ஆரம்பிக்கிறாள். இயக்கம் ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம்.

சீரியல் வில்லன் என்றால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணை உருட்டுவார், இசை இடிக்கும், முகத்தை மூன்று பக்கத்திலிருந்தும் காட்டுவார்கள். மாரிமுத்து இதையெல்லாம் நம்பி நடிக்கவில்லை. வெள்ளை வேட்டி, சட்டை, மீசை. அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தாலே ‘இந்த வீடு என்னுடையது’ என்று முதுகு சொல்லும். கோபத்துக்கு முன்னால் ஒரு சலிப்பு வரும் பாருங்கள், அதுதான் அவருடைய சொத்து. ‘இதைக்கூட நான் சொல்லித்தான் தெரியணுமா உங்களுக்கு’ என்கிற சலிப்பு. எங்கள் ஊரில் நாலு வேலி நிலம் வைத்திருந்த பெரிய வீட்டு ஆண்களிடம் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே சலிப்பு. கத்துகிற ஆளை எதிர்த்துக் கத்திவிடலாம். சலித்துக்கொள்கிற ஆளிடம் என்ன செய்ய முடியும்? குற்றம் நம்முடையது போல ஆகிவிடும்.

அப்புறம் அந்த ‘ஏய்... இந்தாம்மா’. சில நேரம் ‘ஏய்’ முன்னால் வரும், சில நேரம் பின்னால் தொங்கும். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் யோசித்துப் பார்த்தேன். ‘இந்தாம்மா’ என்று நாம் யாரைக் கூப்பிடுவோம்? பேர் தெரியாத பெண்ணை. பஸ்ஸில் சீட்டு விட்டு எழுந்த அம்மாவை, ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரை. வருடக்கணக்காக ஒரே வீட்டில் சோறு பொங்கிப் போடுகிற பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? உன் பேர் எனக்குத் தேவையில்லை என்று அர்த்தம். ‘அம்மா’ என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் மரியாதைக் குறைவு என்றும் சண்டை பிடிக்க முடியாது. இந்த நுணுக்கம் அவர் குரலில் ஒவ்வொரு முறையும் இருந்தது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அப்பா திண்ணையில் படுத்திருந்தார். உள்ளே டிவி. குணசேகரன் ‘ஏய் இந்தாம்மா’ என்றார். சரியாக அதே நேரத்தில் திண்ணையிலிருந்து அப்பா, “இந்தா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா” என்றார். இரண்டு குரலும் ஒன்றாக வந்து விழுந்தன. அம்மா எழுந்திருக்கப் போனவர் பாதியில் அப்படியே நின்றார். முதலில் சிரித்தது அப்பாயிதான், அப்பாவைப் பெற்றவள். “ரெண்டு பேருல யாருக்குடி தண்ணி?” என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே வந்து, அடுக்களைப் பானையில் தானே மொண்டு குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார். மறுநாள் பழையபடி கேட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு ராத்திரி அம்மா முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்தது கிடையாது.

மெலட்டூர்வாசி:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சீரியல் பார்க்கும் வழக்கமே இல்லாதவன், மருமகள் புண்ணியத்தில் பார்த்தேன். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் ஊர் இரணியன்.

பாபநாசம் தாலுகாவில் இருக்கிறது மெலட்டூர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம், பெண் வேஷத்தையும் ஆண்களே போடுவார்கள். விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம். பாஷை புரியாத பிள்ளைகள்கூடத் தூங்காமல் காத்திருப்பது இரணியன் வரவுக்குத்தான். அந்த வேஷம் கட்டுகிறவர் ‘நான் பொல்லாதவன்’ என்று நினைத்துக்கொண்டு ஆடினால் ராத்திரி முழுக்க நாடகம் தாங்காது. பிள்ளை தன் சொல் கேட்கவில்லையே என்று வெந்துபோன அப்பனாகத்தான் ஆட வேண்டும். அப்போதுதான் தூண் பிளக்கும்போது நமக்கு உடம்பு சிலிர்க்கும்.

மாரிமுத்து அதைத்தான் செய்தார். குணசேகரனுக்குத் தான் கெட்டவன் என்று தெரியாது. தம்பிகளைத் தூக்கி வளர்த்தவன், குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் என்றே நம்புகிறான். அந்த நம்பிக்கையில் ஒரு இழைகூடப் பிசகாமல் நின்றார். ‘உள்ளுக்குள் நான் நல்லவன்தான்’ என்று நம்மைப் பார்த்து ஜாடை காட்டும் நடிகர்கள் உண்டு. கைதட்டல் ஆசை யாரை விட்டது? இவர் அந்த ஜாடையைக் காட்டவே இல்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் எம்.ஆர். ராதாவைப் பார்க்க ஜனம் அலைமோதியது எங்கள் அப்பா காலத்துக் கதை. வெறுக்க வேண்டிய ஆளைத் தேடிப்போய்ப் பார்ப்பதும் ஒரு ரசனைதான்.

கடைமடை:

எல்லாரும் பாராட்டுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். நான் எம்.ஏ., பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பேச்சை எடுத்தேன். எவ்வளவு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கொழுந்தன் இலையிலிருந்து நிமிர்ந்து, குணசேகரன் குரலில், “ஏய் இந்தாம்மா” என்றான். அச்சு அசலாக அப்படியே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார், மாமியாருக்குப் புரை ஏறியது, என் பையனும் சிரித்தான். எனக்கே உதடு விரிந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

அதட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வேண்டாம் என்றிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது?

அந்த நடிகர் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. கெட்டிக்காரராக இருந்ததுதான் என் வருத்தம். சுமாரான நடிகர் அந்த வேஷத்தைப் போட்டிருந்தால் யாரும் அதை எடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். ரிங்டோனாக வைத்திருக்க மாட்டார்கள். அடக்குகிற ஆம்பளைக்கு இவ்வளவு அழகான குரல் கிடைத்திருக்க வேண்டாம்.

வருசநாட்டான்:

சகோதரி சொன்னதற்குப் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் தேனி மாவட்டத்துக்காரன், தஞ்சாவூரில் பிழைக்க வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாரிமுத்து பிறந்த பசுமலைத்தேரி எங்கள் வருசநாட்டுப் பக்கம்தான். வைகை பிறக்கும் மலை அது. காவிரி கடலில் சேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வைகைக்காரனைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டே போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

குடமுருட்டி அண்ணன் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கம் ‘இந்தாம்மா’ ஏச்சு இல்லை. என் அப்பத்தா பேத்தியைக் கூப்பிட்டு மடியிலிருந்து அதிரசம் எடுத்துக் கொடுக்கும்போது அப்படித்தான் சொல்லும். ‘இந்தா’ என்றால் ‘எடுத்துக்கோ’ என்றுதானே பொருள்? கொடுக்கும்போது சொல்கிற சொல். அதைக் குணசேகரன் தடுப்பதற்குச் சொல்கிறான். சொந்த ஊர்ப் பேச்சில் கனிவான ஒரு சொல்லை எடுத்து அதன் கனிவை உருவிவிட்டு நம்மிடம் கொடுத்தார் மனுஷன். அந்த மண்ணிலேயே பிறந்து கேட்டு வளர்ந்தால்தான் இது வரும், பயிற்சி எடுத்தெல்லாம் வராது.

சினிமாவுக்கு என்று ஊரை விட்டுப் போனவர். ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். இயக்கியது இரண்டே படம்: 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’. நடிகராக ஆட்கள் கவனிக்க ஆரம்பித்தது 2011இல் ‘யுத்தம் செய்’ வந்த பிறகுதான். எத்தனை வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்திருப்பார், கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை அவர் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற முகம் கிடையாது. உண்மையிலேயே காது கொடுப்பார்.

‘பரியேறும் பெருமாள்’ பார்த்திருப்பீர்கள், 2018. அதில் ஜோவின் அப்பா இவர்தான். கல்யாண வீட்டில் அந்தப் பையனை அடித்துப் போட்ட பிறகு அவனிடம் வந்து பேசுவாரே, சொந்தக்காரர்களுக்குப் பயந்து, வெட்கப்பட்டு, அழுதுகொண்டு. அதே உடம்பு, அதே மீசை. அங்கே தோள் எப்படிக் குறுகியிருக்கிறது, இங்கே குணசேகரன் தோள் எப்படி விரிந்திருக்கிறது. ஊருக்குப் பயப்படுகிற அப்பனும் வீட்டைப் பயமுறுத்துகிற அண்ணனும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தோன்றும். வெளியே குறுகுகிற தோள்தான் வீட்டுக்கு வந்து விரிகிறது.

கடைமடை:

வருசநாட்டான் அண்ணே, அந்தக் கடைசி வரி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. என் கொழுந்தன் வெளியே வாய் திறக்காத ஆள்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பாமணியாறு:

மன்னார்குடிக்காரன், இப்போது சிங்கப்பூர். எங்கள் ரூமில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் டெல்டா. வேலை முடிந்து வந்து சமைக்கும்போது போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து முந்தின நாள் எபிசோடைப் பார்ப்போம். அந்த நேரத்தில் யார் வெங்காயம் நறுக்கினாலும் தப்பும் தவறுமாகத்தான் நறுக்குவார்கள்.

கடைமடை அக்கா கேட்டதற்கு என் அத்தை கதையைச் சொல்கிறேன். தொடரில் அப்பத்தா பட்டம்மாள் பேரில் சொத்தில் 40 சதவீதம் இருக்கும். வீடே அதைச் சுற்றி ஆடும். பட்டம்மாளாக நடித்தவர் பாம்பே ஞானம், பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை நடத்தியவர். எல்லாரையும் ஒரு பார்வையில் உட்கார வைக்கிற குணசேகரன் அந்தக் கிழவி முன்னால் நிற்கும்போது கை எங்கே வைப்பது என்று தெரியாத ஆள் மாதிரி ஆகிவிடுவார். சொத்து அவளிடம் இருக்கிறதே! பணிவும் எரிச்சலும் ஒரே முகத்தில் ஓடும்.

எங்கள் தாத்தா நிலம் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், பாமணியாற்றுப் பாசனம். அதைப் பிரிக்கும்போது அத்தைகளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் வழக்கமே அதுதான். பெண்பிள்ளைக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் பத்திர ஆபீஸில் அத்தைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு புடவையோடு பஸ் ஏறுவார்கள். சின்ன அத்தை மட்டும் அந்த முறை போடவில்லை. அப்பாவிடம் போனில், “அண்ணே, அந்த அப்பத்தாவ பாத்தியா, காயிதம் கையில இருந்தாத்தான் நிமிந்து ஒக்கார முடியுது” என்று சொன்னது. அப்பாவுக்குக் கோபம், இரண்டு மாதம் பேசவில்லை. அத்தைக்கு இப்போது முக்கால் மா அதன் பேரில் இருக்கிறது.

அந்தப் பெருமை பாம்பே ஞானத்துக்கும் கதை எழுதியவர்களுக்கும்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் எதிரில் அந்தக் குணசேகரன் நின்றதால்தான் கிழவியின் காகிதத்துக்கு அவ்வளவு எடை வந்தது.

இன்னொன்று. தொடருக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா, ஒரு பெண். அந்த ஆள் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரு பெண் எழுதிக் கொடுத்தது. இது தெரிந்த பிறகு எனக்கு அவர் நடிப்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. வசனத்தை மென்மையாக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல், எழுதியவர் கேட்டுக் கேட்டு நொந்த அதே தொனியில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

குடமுருட்டிக்காரன்:

கடைமடை அவர்களுக்கு. நீங்கள் எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். உங்கள் வீட்டில் நடந்ததை நான் எந்த வார்த்தை சொல்லியும் சரிக்கட்ட மாட்டேன். அந்தச் சிரிப்பு உங்களை வாய் அடைக்க வைத்தது. அப்பாயி சிரிப்பு எங்கள் அப்பாவை எழுந்து தண்ணீர் மொள்ள வைத்தது. இரண்டும் ஒரே ஆளின் ஒரே குரலால் வந்தது. எந்த வீட்டில் யார் முதலில் சிரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறதோ என்னவோ. நடிகர் கையில் அது இல்லை.

அவர் செத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். செப்டம்பர் வருவதற்குள் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. டீக்கடையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் எத்தனை அடி, எத்தனை கன அடி என்று அதே பேச்சு. அக்டோபர் 10 அன்று அணையை மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் முதலில் வரும் தலைமடை, எப்படியோ தப்பித்தோம். கடைசியில் தண்ணீர் போய்ச் சேரும் கடைமடையில் குறுவை நெல் கண்ணெதிரே காய்ந்தது.

செப்டம்பர் 8 வெள்ளிக்கிழமை. அம்மா நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார், வாய்க்கால் கரையில். நான் டிபன் வாளி கொடுக்கப் போனேன். பெண்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். மண்வெட்டிகள் கிடந்த இடத்தில் கிடந்தன. ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுத் தலை. யார் வீட்டிலோ துக்கம் என்றுதான் நினைத்தேன். “நம்ம குணசேகரன் போயிட்டாருப்பா” என்றார் ஒரு சின்னம்மா. ‘நம்ம’ என்றார். முதல் நாள் ராத்திரிவரை “வெளங்காத பய” என்று திட்டியவர்கள். காலையில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலி வந்து போயிருக்கிறார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேசிக்கிட்டு இருக்கையிலேவா?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

முந்தின மாதம்தான் அவர் நடித்த ‘ஜெயிலர்’ வந்திருந்தது. ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சோதிடர்களை எதிர்த்து அவர் பேசியது அப்போதுதான் ஊரெல்லாம் சுற்றியது. இப்படி ஒரு வெடிப்பான ஆளா என்று அவரை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

அன்றைக்கு ராத்திரி அப்பாயி என்னிடம் கேட்டாள்: “அந்த மனுசனுக்கு எத்தன புள்ளைங்க?” ஒரு பையன், ஒரு பெண் என்றேன். “கல்யாணம் காட்சி எல்லாம் பண்ணிட்டாரா?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெலட்டூர்வாசி:

டப்பிங் பற்றி ஒரு வார்த்தை. படப்பிடிப்பில் ஒரு தடவை நடித்ததை, அப்புறம் இருட்டு அறையில் தனியாக நின்று, திரையில் தன் உதட்டைப் பார்த்துக்கொண்டு மறுபடி பேச வேண்டும். எதிரில் ஜனனியும் இல்லை, அப்பத்தாவும் இல்லை. கோபத்தைக் காற்றில் கொண்டுவர வேண்டும். சீரியலில் எத்தனையோ பேருக்கு வேறொருவர் குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நமக்குத் தெரிவதில்லை. இவருக்கு அது முடியாது. குரல்தானே பாத்திரம். குடமுருட்டித் தம்பி வீட்டில் கிரைண்டர் நேரத்தை மாற்றியது அந்த இருட்டறை வேலைக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குப் பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ராமநாதபுரம் பெருநாழிக்காரர், கண்ணாலேயே சுடுகிற நடிகர். குறை சொல்ல மாட்டேன், இன்னொருவர் செருப்பில் கால் நுழைப்பது லேசு கிடையாது. ஆனால் அவர் குணசேகரன் வேறு ஆள். ராமமூர்த்தி வந்தால் வீடு பயந்தது, அவ்வளவுதான். மாரிமுத்து வந்தால் பயத்தோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அந்த விகிதம் போய்விட்டது. தொடர் 2024 ஜூனில் முடிந்தது, அந்த டிசம்பரிலேயே இரண்டாம் பாகம் தொடங்கினார்கள். என் மருமகள் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை.

பாமணியாறு:

எங்கள் ரூமிலும் அதேதான் ஐயா. வெங்காயம் இப்போது ஒழுங்காக நறுக்குகிறோம்.

வருசநாட்டான்:

அவர் உடலைப் பசுமலைத்தேரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அன்றைக்கு எங்கள் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, ரோட்டில் கார் கார் என்று போய்க்கொண்டே இருக்கிறது, எல்லாரும் வெளியூர் ஆட்கள் என்றது. சினிமாவுக்குப் போகிறேன் என்று அங்கிருந்து கிளம்பிப் போகிற பையன்களை எங்கள் பக்கம் யாரும் ரொம்ப நம்புவதில்லை. அன்றைக்கு அந்தக் கார்களை எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்களாம்.

கடைமடை:

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

என் கருத்து மாறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அந்தத் தொடரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஒன்பதரைக்கு மாடியில் துணி மடிக்கப் போய்விடுவேன்.

நேற்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்களே என்று போனில் பழைய எபிசோட் ஒன்றைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்து, காதருகில் வைத்துக்கொண்டு பார்த்தேன். குடமுருட்டி அண்ணன் சொன்ன அந்தச் சலிப்பைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. மருமகள் ஏதோ கேட்கிறாள், அவர் உடனே பதில் சொல்லவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, ஒரு மூச்சு விட்டுவிட்டு, அப்புறம்தான் அந்தச் சொல்லைச் சொன்னார். அந்த மூச்சு என் மாமனார் விடுகிற மூச்சு. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். “யாரு, குணசேகரனா?”

ஆமாம் அத்தை என்றேன். தூக்கம் கெட்டதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்து நிறுத்தப் போனேன். அவர் எழுந்து வந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்தா, கொஞ்சம் சத்தமா வையி” என்றார்.

திருப்பி முதலிலிருந்து போட்டேன். அந்த மூச்சு வரும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்தார். “பாத்தியா, பாத்தியா” என்றார். நாங்கள் இரண்டு பேரும் மூன்று எபிசோட் பார்த்தோம். விளக்கை அணைக்கும்போது மணி பன்னிரண்டு.